குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை: வடிகட்டித்தான் குடிக்க வேண்டுமா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறோம். சில நாள்களுக்கு ஒருமுறை குழாயில் வரும் தண்ணீரை சம்ப்பில் நிரப்பி வைத்துப் பயன்படுத்துகிறோம். அதில் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கிறது. வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டுகள் விட்டு, அது மஞ்சளானதைக் காட்டி, "இதைக் குடித்தால் புற்றுநோய் வரும், ஆர்.ஓ. போடுங்கள்" என்றார். வீட்டில் 4 வயதுக் குழந்தையும், டயாலிசிஸ் செய்துகொள்ளும் மாமனாரும் இருக்கிறார்கள். எனக்கு முடியும் கொட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த மஞ்சள் நிறம் நஞ்சின் அடையாளம் அன்று. குடிநீர்ப் பணியாளர்கள் குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் செய்யும் சோதனையும் ஏறத்தாழ இதேதான். தெருக்கோடிக் குழாயிலும் நிறம் வந்தால்தான் குளோரின் அதுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவர்கள் நிம்மதி அடைவார்கள். உங்களைப் பயமுறுத்தக் காட்டப்பட்டது, உண்மையில் உங்கள் தண்ணீருக்குக் காவல் இருக்கிறது என்பதற்கான சான்று.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வாழ்நாள் முழுவதும் குடித்தாலும் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம். அதைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கும்போதே சிலருடைய மூக்கு வாடையைக் கண்டுபிடித்துவிடும் என்பதால், வாடை வருவதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. குடித்த குளோரின் உமிழ்நீரோடும் இரைப்பையில் உள்ளவற்றோடும் வினைபுரிந்து, சாதாரண உப்பில் உள்ள குளோரைடாக விரைவில் மாறிவிடுகிறது. உங்கள் குழந்தைக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

புற்றுநோய் பற்றிய பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆற்று நீரிலுள்ள மக்கிய இலை, பாசி போன்ற கரிமப்பொருள்களுடன் குளோரின் சேரும்போது குளோரோஃபார்ம் உள்ளிட்ட டிரைஹாலோமீத்தேன்கள் சிறிதளவு உண்டாகின்றன என்பது 1970களில் தெரியவந்தது. இவை மிகுந்த நீரைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருந்ததாகச் சில ஆய்வுகள் காட்டின. ஆனால் காரணம் அதுவேதான் என்று உறுதிப்படவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, குளோரின் கலந்த குடிநீரை 'வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை' என்ற பிரிவில்தான் வைத்திருக்கிறது. மறுபக்கத்தில் இருப்பவை டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆகியவை. இவை பல பத்தாண்டுகள் காத்திருப்பதில்லை, சில நாள்களிலோ சில வாரங்களிலோ படுக்கையில் தள்ளிவிடும். வேலூரில் மருத்துவம் பார்க்கும் எவருக்கும் டைபாய்டு பழைய கதை அன்று.

வாடையும் சுவையும் பிடிக்கவில்லை என்பதும், மேற்சொன்ன சிறு ஐயத்தையும் குறைத்துக்கொள்ள விரும்புவதும் வடிகட்டுவதற்கு நியாயமான காரணங்களே. அதற்கு ஆர்.ஓ. தேவையில்லை, ஆக்டிவேட்டட் கார்பன் உள்ள வடிகட்டி போதும். அது குளோரினையும் டிரைஹாலோமீத்தேன்களில் பெரும்பகுதியையும் பிடித்துக்கொள்ளும். வெறும் கேண்டில் வடிகட்டிக்கு அந்தத் திறன் இல்லை. வடிகட்டி வாங்க விருப்பமில்லையென்றால், தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தால் குளோரினும், அதைவிட மெதுவாக குளோரோஃபார்மும் ஆவியாகிவிடும், கிருமிகளும் சாகும். ஆர்.ஓ. என்பது கரைந்த உப்புகளுக்கானது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய போர் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு அது தேவைப்படலாம், டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கும் குழாய் நீருக்கு அது வீண்செலவு, கழிவாகப் போகும் தண்ணீரும் மிகுதி.

விற்பனையாளர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. கார்பன் குளோரினை எடுத்துவிட்ட பிறகு அந்த நீருக்குக் காவல் இல்லை. மாற்றாமல் விட்ட கார்ட்ரிட்ஜிலும், கழுவாத தொட்டியிலும் கிருமிகள் வளரும். ஆகவே வடிகட்டிய நீரை அன்றன்றைக்குக் குடித்துவிட வேண்டும், கார்ட்ரிட்ஜைத் தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். சம்ப்புக்கும் இது பொருந்தும்: நாளாக ஆக அதிலுள்ள குளோரின் தீர்ந்துவிடும், வாடை போய்விட்டதே என்று நாம் மகிழும் தண்ணீர்தான் எளிதில் கெடும். என்னைக் கேட்டால், வடிகட்டியைவிட உங்கள் வீட்டின் முதல் தேவை, சாக்கடைக் கசிவு எட்டாத, கொசு புகாத மூடியுள்ள, அவ்வப்போது தேய்த்துக் கழுவப்படும் சம்ப். கண் மதிப்பில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிடாதீர்கள்.

உங்கள் மாமனார் இந்த நீரைக் குடிப்பதில் தடையில்லை; அவர் கவனிக்க வேண்டியது ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று சிறுநீரக மருத்துவர் சொன்ன அளவைத்தான். டயாலிசிஸ் இயந்திரத்தில் ஓடும் நீரின் கதை வேறு. ஒரு முறைக்கு 100 லிட்டருக்கும் மேல் நீர் மெல்லிய சவ்வுக்கு அப்பால் அவருடைய இரத்தத்தை ஒட்டிச் செல்வதால், அதில் குளோரினோ, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாகும் குளோரமினோ எஞ்சியிருந்தால் சிவப்பணுக்கள் சிதையும். அதை நீக்கிச் சோதிப்பது சிகிச்சை மையத்தின் பொறுப்பு. அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

முடி கொட்டுவதற்குக் குழாய் நீரிலுள்ள குளோரின்தான் காரணம் என்பதற்குத் தக்க சான்று இல்லை. ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு ஆகிய இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொண்டு, முடிவுகளோடு ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள்.