விமானத்தில் வாங்கிய வைஃபை பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

இந்த வாரம் ஒரே பொருளைப் பற்றி ஐந்து கடிதங்கள். மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர் என்று நம் பக்கத்தில் வெளிநாடு போய்வருகிற ஆள் இல்லாத தெரு குறைவு. திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ விமானம் ஏறுகிறவர்கள் டிக்கெட் விலை, லக்கேஜ் எடை இரண்டுக்கும் அடுத்தபடியாக இப்போது கேட்பது விமானத்துக்குள் கிடைக்கும் இணையத்தைப் பற்றித்தான். அதனால் இந்த வாரம் முழுக்க அதற்கே.

கேள்வி: என் வீட்டுக்காரர் தமாமில் வேலை பார்க்கிறார். மாமனார் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் இருந்தபோது அவசரமாகக் கிளம்பி வந்தார். வழியில் தகவல் தெரிந்துகொள்ளலாம் என்று விமானத்தில் முழுப் பயணத்துக்கான வைஃபை பாஸ் வாங்கியிருக்கிறார். அரை மணி நேரம் வந்தது. அப்புறம் இறங்கும்வரை வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். பணிப்பெண்ணிடம் சொன்னதற்கு, "கம்பெனிக்கு மெயில் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பணம் திரும்ப வருமா அண்ணாச்சி?
— மேலப்பாளையம் வாசகி

பதில்: மாமனார் தேறி வீடு திரும்பியிருப்பார் என்று நம்புகிறேன் தங்கச்சி. அப்படிப்பட்ட நேரத்தில் அந்தச் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும்.

பணம் வர வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். பல விமானங்களில் வைஃபையை விற்பது விமான நிறுவனம் கிடையாது. அதனிடம் ஒப்பந்தம் போட்ட வேறொரு நிறுவனம். பணம் கட்டியதும் உங்கள் வீட்டுக்காரரின் மின்னஞ்சலுக்கு ஒரு ரசீது வந்திருக்கும். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு முதலில் எழுதுங்கள், நகலை விமான நிறுவனத்துக்கு அனுப்புங்கள். விமான எண், தேதி, இருக்கை எண், எத்தனை மணிக்கு இணைப்பு போனது, எந்த போன் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். "சர்வீஸ் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் வருத்தம் தெரிவித்து ஒரு பதில் வரும், அதோடு சரி.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு வெளிநாட்டுப் பயணத்தில் கணக்கு விவரம் ஒன்றை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்ததால் பாஸ் வாங்கினேன். ஏறி ஒரு மணி நேரத்தில் இணைப்பு போய்விட்டது. வெறும் வெள்ளைத் திரையை 2.10-க்கு ஒரு முறை, 2.40-க்கு ஒரு முறை, 3.15-க்கு ஒரு முறை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தேன். மேலே ஓரத்தில் மணி தெரியும் அல்லவா, அதுதான் சாட்சி. முதல் மெயிலில் படங்களை இணைக்க மறந்துவிட்டேன். "தடையற்ற இணைப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று விதிமுறையில் சொல்லியிருக்கிறோம்" என்று பதில் வந்தது. மூன்று படங்களையும் சேர்த்து இரண்டாவது மெயில் போட்டேன். முழுப் பணமும் கார்டுக்குத் திரும்பி வந்தது.

அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டு வழி. கார்டில் கட்டியிருந்தால் வங்கிக்கு எழுதி, காசு வாங்கிக்கொண்டு சேவை தரவில்லை என்று டிஸ்பியூட் போடலாம். இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலும் புகார் அனுப்பலாம். விமானத் துறை அமைச்சகத்தின் ஏர்சேவா தளமும் இருக்கிறது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா என்றால், முடியும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவையை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு வைஃபை பாஸுக்காக அலைய வேண்டாம் என்பதுதான் என் யோசனை. 1915 போதும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எந்த விமானத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் இணைப்பு இல்லை என்பது விற்றவர்களின் கணினியிலேயே பதிவாகியிருக்கும். அந்தப் பணத்தை அவர்களே திருப்பிப் போட வேண்டியதுதான் நியாயம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மனிதர் ஸ்க்ரீன்ஷாட் தேடி மெயில் எழுத வேண்டும் என்பது எனக்கு ஒப்பவே இல்லை.

கேள்வி: வீட்டில் பைபர் இணைப்பில் படம் அட்டகாசமாக ஓடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போனபோது உறுப்பினர் என்று வைஃபை இலவசமாகக் கொடுத்தார்கள். மெசேஜ் போனது, செய்தித் தளம் திறக்கவே ஒரு யுகம் ஆனது. இவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது முடியாதா?
— வள்ளியூர் வாசகர்

பதில்: இலவசமாகக் கிடைத்ததே பெரிய மாற்றம்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2023 ஜூலையிலிருந்து எல்லா வகுப்பிலும் தன் கிரிஸ்ஃபிளையர் உறுப்பினர்களுக்கு அளவில்லாமல் வைஃபை தருகிறது. உறுப்பினராகக் காசு வேண்டாம்.

வேகத்துக்கு வருவோம். பல விமானங்களில் இணையம் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வழியாக வருகிறது. விமானத்தின் முதுகில் ஒரு திமில் மாதிரி புடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆன்டெனா அதற்குள்தான் இருக்கிறது. நீங்கள் ஒரு செய்தியைத் தொட்டால், அந்தக் கோரிக்கை மேலே போய்த் தரை நிலையத்துக்கு இறங்குவதற்குள் ஏறக்குறைய 72,000 கிலோமீட்டர். பதில் திரும்பி வர இன்னொரு 72,000. விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் அரை விநாடி ஆகிவிடும். ஒரு செய்தித் தளம் திறக்க, விளம்பரம், படம் என்று இப்படிப் பல தடவை போய்வர வேண்டும். மெசேஜுக்கு அந்தத் தொல்லை குறைவு, அதனால் அது போய்விட்டது.

அதோடு கூட்டம் வேறு. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கடைமடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், மேலே எல்லோரும் மடையைத் திறந்துவிட்டால் தன் வயலுக்கு எவ்வளவு வரும் என்று சொல்வார். விமானத்துக்கு வருவதும் ஒரே வாய்க்கால்தான். இலவசம் என்றதும் அத்தனை பேரும் மடையைத் திறக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டு எடுத்து விளக்கை அணைத்த பிறகு, பாதிப் பேர் தூங்கும் நேரத்தில் முயன்று பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

இப்போது சில விமானங்களில் ஸ்டார்லிங்க் என்ற வேறொரு செயற்கைக்கோள் இணையம் வந்திருக்கிறது. அதன் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகின்றன. தூரம் குறைவு, அதனால் காத்திருப்பும் குறைவு. கத்தார் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் தன் போயிங் 777 விமானங்களில் இதைப் பொருத்தத் தொடங்கி, பயணிகளுக்கு இலவசமாகவே தருகிறது. ஆகவே டிக்கெட் போடும்போது கம்பெனி பெயரோடு நிற்காமல் விமான ரகம் என்ன என்றும் பாருங்கள். ஒரே கம்பெனியின் ஒரு விமானத்தில் வீட்டு இணைப்பு மாதிரி ஓடும், இன்னொன்றில் மெசேஜ் போவதே பெரிது. கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினாலும் மாற்றுவார்கள்.

கேள்வி: மகன் முதல் தடவையாக துபாய்க்கு வேலைக்குப் போகிறான். "விமானத்தில் இருந்தே வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறேன்மா" என்கிறான். கடையில் போன் கம்பெனி பேக் போடச் சொல்கிறார்கள், அவன் சிநேகிதன் வைஃபை வாங்கச் சொல்கிறான். எதை வாங்க?
— கடையநல்லூர் வாசகி

பதில்: இரண்டும் வேறு வேறு பொருள் அம்மா. இதைக் குழப்பிக்கொண்டு பணம் இழந்தவர்கள் நிறைய.

வைஃபை என்பது விமானத்தில் கிடைப்பது. போனில் ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறந்தால் போதும். போன் கம்பெனி பேக் வேறு. சில விமானங்களுக்குள் சின்ன மொபைல் டவர் மாதிரி ஒரு கருவி வைத்திருப்பார்கள். உங்கள் சிம் அதோடு ரோமிங்கில் சேரும். ஏர்டெல் 2024 பிப்ரவரியில் இதைக் கொண்டுவந்தபோது 24 மணி நேரத்துக்கு 195 ரூபாய்க்கு 250 எம்.பி., 295-க்கு 500 எம்.பி., 595-க்கு 1 ஜி.பி. என்று வைத்தது. ஏறும் விமானத்தில் அந்தக் கருவி இல்லை என்றால் பேக்கால் பயனில்லை. முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

பெரிய ஆபத்து, பேக்கே போடாமல் ஏரோபிளேன் மோடும் போடாமல் பைக்குள் கிடக்கிற போன். டேட்டா ரோமிங் திறந்திருந்தால் அது தானாக அந்த நெட்வொர்க்கில் ஒட்டிக்கொள்ளும். போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் எல்லாம் பின்னால் ஓடும். மாதக் கடைசியில் பில்லைப் பார்க்கும்போதுதான் தெரியும். மகன் ஏறுவதற்கு முன்னால் டேட்டா ரோமிங்கை மூடச் சொல்லுங்கள்.

கூப்பிடுவதை மறந்துவிடுங்கள். பல விமானங்களில் வாட்ஸ்அப் வழியாகக்கூடப் பேச விடுவதில்லை. துபாயில் இறங்கிய பிறகும் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. அந்த நாட்டில் அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

நான்கு மணி நேரப் பயணத்துக்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. போகும் விமானம் எமிரேட்ஸ் என்றால் அதன் உறுப்பினர் திட்டமான ஸ்கைவார்ட்ஸில் சேர்ந்துகொள்ளட்டும், சேருவதற்குக் காசு இல்லை, உறுப்பினருக்கு மெசேஜ் இலவசம். எழுத்து மட்டும் போகும், படமும் வீடியோவும் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கே வாங்கும் புது சிம்மை இறங்கின பிறகு போடட்டும். வானத்தில் வாட்ஸ்அப் மறுபடி எண்ணைச் சரிபார்க்கக் கேட்டால் எஸ்.எம்.எஸ். வராது, கணக்கே திறக்காது.

உங்களுக்கும் ஒன்று. நீங்கள் அனுப்பிய மெசேஜில் ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றால் பயப்படாதீர்கள். அந்த விமானத்தில் இணைப்பு போயிருக்கும், அவ்வளவுதான். இந்தியாவில் வைஃபை 3,000 மீட்டர் உயரம் தாண்டிய பிறகுதான் திறக்கும்; ஏறும்போதும் இறங்கும்போதும் எப்படியும் ஒற்றை டிக்தான். சில நாடுகளின் மேல் பறக்கும்போதும் நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: விமானத்தில் வைஃபைக்குப் பணம் கட்டப் போனால் ஓ.டி.பி. வரவே இல்லை. மகளின் கார்டைப் போட்டால் அதுவும் நிராகரிப்பு. கார்டில் பணம் இருந்தது.
— அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: ஏரோபிளேன் மோடில் இருக்கும் போனுக்கு எஸ்.எம்.எஸ். எப்படி வரும்? நம் ஊர்க் கார்டுகளுக்கு இதுதான் பெரிய தொல்லை. மகளின் கார்டு நின்றதற்குக் காரணம் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியிருந்ததாக இருக்கலாம். ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகளில் அது மூடியே வரும்; வங்கி ஆப்பில் போய் நாமே திறக்க வேண்டும்.

வைஃபை வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் வீட்டில் இருக்கும்போதே விமான நிறுவனத்தின் தளத்தில் வாங்கிவிடுங்கள். ஓ.டி.பி. வரும், விலையை நிதானமாகப் பார்க்கலாம், மணிக்கணக்கா, எம்.பி. கணக்கா என்றும் படிக்கலாம். எம்.பி. கணக்கை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த நாலு வீடியோ தானாக இறங்கினாலே தீர்ந்துவிடும்.

விலை டாலரில் இருந்தால் மார்க்கப் வரும், அதாவது வெளிநாட்டுப் பணக் கணக்குக்காக வங்கி எடுக்கும் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். உங்கள் கார்டின் மார்க்கப் 3.5 சதவீதம் என்றால் ஆயிரம் ரூபாய்க்கு 41 ரூபாய் கூடுதல். ஊர் திரும்பியதும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மறக்காமல் மூடிவிடுங்கள்.

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து சென்னை போகும் விமானத்தில் வைஃபை உண்டா? பேத்திக்கு ஆன்லைன் வகுப்பு இருக்கிறது.
— பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: சார், அந்தத் தடத்தில் பறக்கும் சின்ன ஏ.டி.ஆர். விமானங்களில் கிடையாது. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டினார்கள், பெரிய விமானங்கள் இறங்க வழி வந்திருக்கிறது. ஆனாலும் விமானம் பெரிது என்பதாலேயே வைஃபை வந்துவிடாது. உள்நாட்டில் ஏர் இந்தியா 2025 ஜனவரியில் இலவச வைஃபை தொடங்கியபோதும் ஏ350, போயிங் 787-9, சில ஏ321நியோ விமானங்களில் மட்டும்தான் இருந்தது. சென்னையிலிருந்து டெல்லி போகும்போது அது அமையலாம். வகுப்பு இருக்கிற நாளில் பேத்திக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ நெல்லை எக்ஸ்பிரஸிலோ டிக்கெட் போட்டுவிடுங்கள். இரவுப் பயணம், காலையில் சென்னையில் உட்கார்ந்து நிம்மதியாகப் படிக்கலாம்.