கார்ல்ஷ்டெய்ன்: கிரீடத்துக்குக் கட்டிய கோட்டை

ஐயா, வணக்கம். வேலை விஷயமாக ப்ராக் போனபோது கார்ல்ஷ்டெய்ன் கோட்டையையும் பார்த்தேன். தூரத்திலிருந்து பிரமாதம். உள்ளே அரசரின் அறைகள் சாதாரணமாகத்தான் இருந்தன. வெளித்தோற்றமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருத்திக் கட்டியது என்றார் வழிகாட்டி. உச்சிக் கோபுரத்துக்குத் தனி டிக்கெட்டாம், கிடைக்கவில்லை. ப்ராகிலேயே பெரிய கோட்டை இருக்கும்போது ராஜா எதற்கு இதைக் கட்டினார்? இதற்கு ஏன் இவ்வளவு பெயர்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்குக் கிடைக்காமல் போன அந்த டிக்கெட்டில்தான் பதில் இருக்கிறது. கார்ல்ஷ்டெய்னில் முதல் இடம் கிரீடத்துக்கு. ராஜாவுக்கு அதற்கு அடுத்த இடம்தான்.

பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி) அரசர் நான்காம் சார்லஸ் 1348ல் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1350ல், ஜெர்மானிய நாடுகளை மையமாகக் கொண்ட புனித ரோமப் பேரரசின் கிரீடமும் ஈட்டியும் சிலுவையும் அவர் கைக்கு வந்தன. 1355ல் ரோமில் பேரரசராக முடிசூடினார். அந்த ஈட்டி கிறிஸ்துவின் விலாவைக் குத்தியது என்று அன்று நம்பினார்கள். அப்படிப்பட்ட பொருட்களைச் சும்மா பெட்டியில் பூட்டி வைக்க முடியுமா? கட்டிக்கொண்டிருந்த கோட்டையே அவற்றின் காப்பிடமாக மாறியது.

நீங்கள் ஏறிய வழியை நினைத்துப் பாருங்கள். அடியில் கிணற்றுக் கோபுரமும் கோட்டைத் தலைவரின் வீடும். அதற்கு மேலே பேரரசரின் அரண்மனை. இன்னும் மேலே மரியன்னை கோபுரம். எல்லாவற்றுக்கும் உச்சியில் சுமார் 60 மீட்டர் உயரப் பெரிய கோபுரம், அதற்குள் திருச்சிலுவைச் சிற்றாலயம். உலகத்தை ஆள்கிறவன் படுத்துறங்கும் இடம் மலையின் நடுவில்தான். அவர் அறைகள் சாதாரணமாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1365ல் வழிபாட்டுக்கென்று அர்ச்சிக்கப்பட்ட அந்தச் சிற்றாலயத்தின் கீழ்ச்சுவர் முழுக்க மெருகேற்றிய கற்கள். செவ்வந்திக்கல், சூரியகாந்தக்கல் என்று பட்டை தட்டாத பாளங்களாக வெட்டி, பொன் பூசிய சுதையில் பதித்திருக்கிறார்கள். அதற்கு மேலே தியோடோரிக் என்ற ஓவியரும் அவர் பட்டறையும் வரைந்த 129 பலகை ஓவியங்கள். புனிதர்கள் ஒல்லியான தேவதைகளாக இல்லை. கனத்த மூக்கு, தடித்த விரல், சோர்ந்த கண்கள், நம்மோடு வரிசையில் நிற்கிற ஆட்கள் மாதிரி. சில படங்களில் அங்கி சட்டத்தையும் தாண்டி வழிகிறது, சட்டத்தின் மேலேயே வரைந்திருக்கிறார். அந்தச் சட்டங்களில் திருப்பண்டம், அதாவது புனிதரின் எலும்பு போன்ற எச்சம், வைக்கக் குழிகளும் உண்டு. ஆக, வெறும் படம் இல்லை அது. அந்தப் புனிதரே அங்கே இருந்து கிரீடத்துக்குக் காவல் நிற்கிறார் என்பதுதான் சார்லஸின் எண்ணம். இந்த ஒரு அறைக்காகவே அந்த மலை முழுவதும் கட்டப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

காவல் சோதிக்கப்படவும் செய்தது. 1422ல் ஹுஸ்ஸியர்கள், அதாவது யான் ஹுஸ் என்ற செக் சமயச் சீர்திருத்தவாதியின் வழி வந்தவர்கள், மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். கவண்பொறிகளால் பிணங்களையும் வண்டி வண்டியாகச் சாணக்குப்பையையும் உள்ளே எறிந்தார்கள். கோட்டை விழவில்லை. பேரரசின் சின்னங்களை மட்டும் அதற்கு முன்பே எடுத்துப்போயிருந்தார்கள். அவை ஹங்கேரி வழியாக ஜெர்மனியின் நியூரெம்பர்க் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அப்புறம் பொஹீமிய நாட்டின் சொந்தக் கிரீடம் இங்கே வந்து, நடுவில் சில இடைவெளிகள் போக, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு இருந்தது. செக் மக்கள் இந்த இடத்தைத் தங்களுடையதாக நினைப்பது அதனால்தான்.

சரி, புதுப்பித்த விஷயம். வழிகாட்டி சொன்னது உண்மை. 1887 முதல் 1899 வரை யோசெப் மோக்கர் என்ற கட்டடக் கலைஞர் வேலை செய்தார். செங்குத்தான கூரைகளும் அந்த ஒரே சீரான தோற்றமும் அவர் கற்பனை. பிற்கால மறுமலர்ச்சிக் கட்டுமானங்களில் சிலவற்றை இடித்தது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் சிற்றாலயத்தின் ஓவியங்களும் கற்சுவர்களும் பதினான்காம் நூற்றாண்டின் வேலை. வெளிப்புறத்தை வைத்து அதையும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மறுபடி அந்தப் பக்கம் போனால் சிற்றாலயம் வரை போகும் சுற்றுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஒரு தடவைக்குச் சிலரைத்தான் விடுவார்கள். உள்ளே போனதும் முதலில் அந்தச் சட்டங்களைப் பாருங்கள்.