ரசாயனப் பொடி தடவிய நோட்டோடு பிடிபட்டவர் எப்படி விடுதலை ஆகிறார்? மேல்முறையீட்டில் அது மாறுமா?

கடலூரில் யாராவது லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சிக்கினால், "கையும் களவுமா பிடிச்சாச்சு, அப்புறம் எதுக்கு விசாரணை?" என்பார்கள். ஆனால் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி, பொறி வைத்துப் பிடித்த வழக்கில் இரண்டு விஷயங்கள் நிரூபணமாக வேண்டும்: அதிகாரி பணம் கேட்டார், தெரிந்தே வாங்கினார்.

பினாப்தலீன் என்ற ரசாயனப் பொடி தடவிய நோட்டைத் தொட்ட விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். தொட்டார் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. உதாரணத்துக்கு, துறைமுகத்தில் நிற்பவர் கையில் மீன் வாடை அடிக்கிறது. மீனை விலை பேசி வாங்கினாரா, பக்கத்து ஆள் "கொஞ்சம் பிடிங்கண்ணே" என்று திணித்தாரா? வாடை அதைச் சொல்லாது. அதிகாரி கேட்டதும் வாங்கியதும் நிரூபணமான பிறகே அந்தப் பணம் லஞ்சம்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். அதை மறுத்துக் காட்டுவது அந்த அதிகாரியின் பொறுப்பு.

விடுதலையை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் போகலாம். உயர் நீதிமன்றம் சாட்சியத்தை முழுதாக மறுபடி அலசலாம். ஆனால் 'குற்றமற்றவர்' என்ற அனுமானம் விடுதலையால் இன்னும் கெட்டிப்படுகிறது. இரண்டு விதமாகவும் முடிவெடுக்க இடமிருந்தால் விடுதலைதான் நிற்கும். கீழ்க்கோர்ட் முக்கிய சாட்சியத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தால் கதை வேறு.

புகார்தாரர் பிறழ்சாட்சியானால் (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னால்) வழக்கு அவ்வளவுதான் என்பது தவறு. மற்ற சாட்சிகளாலும் சூழ்நிலைச் சான்றுகளாலும் நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.