ஊரோடு சேர்ந்து வாழ: டீச்சரிடம் கேட்டவை

சித்தூர் தாலூகாவில், கேரளத்துக்குள் இருந்தாலும் வீட்டில் தமிழே பேசுகிற ஊர்களில், பஞ்சாயத்து நடத்துகிற பட்ஸ் என்ற சிறப்புப் பள்ளியில் சிறப்பாசிரியராகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை ஊரோடு சேர்ப்பது பற்றிப் பெற்றோரும் ஊர்க்காரர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

கொழிஞ்சாம்பாறை, ஒரு அம்மா: டீச்சர், மகனுக்கு 24 வயது, டவுன் சிண்ட்ரோம். பள்ளி முடிந்ததும் வீட்டிலேயே டிவி பார்த்துக்கொண்டு இருக்கிறான். வெளியே கூட்டிப்போனால் "பாவம்" என்று மிட்டாய் வாங்கித் தருகிறார்கள், அதற்குமேல் யாரும் பேசுவதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மிட்டாய் கொடுப்பவர்கள் கெட்டவர்கள் இல்லைங்க. அவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் கொடுத்துவிட்டு நகர்கிறார்கள். சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

முதலில் கொஞ்ச நாள் அவனைக் கவனியுங்கள். எதைச் செய்யும்போது முகம் மலர்கிறது, யாரைக் கண்டால் தானே பக்கத்தில் போய் நிற்கிறான் என்று பாருங்கள். அப்புறம், அதே ஆட்கள் அதே நேரத்துக்குத் தினமும் கூடுகிற இடம் ஒன்றைத் தேடுங்கள். நம் பக்கத்தில் பால் சொசைட்டியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. காலையும் சாயங்காலமும் அதே முகங்கள், அதே வரிசை. சந்தையும் கல்யாண வீடும் ஆரம்பத்துக்கு ஒத்துவராது. அங்கே ஒவ்வொரு தடவையும் ஆட்கள் மாறிவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் அப்படித்தான் சொசைட்டிக்குப் போனான். அவன் அப்பா செயலாளரிடம் உதவி என்று கேட்கவில்லை. "கேன் கழுவ ஆள் வேணும்னு சொன்னீங்களே, இவன் சுத்தமாக் கழுவுவான், ஒரு மாசம் வெச்சுப் பாருங்க" என்றார். முதலில் கூடவே நின்றார், அப்புறம் வாசலில் நின்றார், அப்புறம் போவதையே விட்டுவிட்டார். எந்தக் கேன் யார் வீட்டுடையது என்பது இன்று அவனுக்கு அத்துப்படி. காய்ச்சலில் படுத்த அன்று, ஆளைக் காணோமே என்று ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். அப்படித் தேடி வருகிறவர்கள் கிடைக்க வேண்டும் என்றுதான் நாம் இவ்வளவும் செய்கிறோம்.

கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். சும்மா வேலை வாங்கிக்கொள்வதை ஊர் சேர்த்துக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 18 வயது தாண்டியவர்களுக்கான பட்ஸ் மறுவாழ்வு மையம் உங்கள் பஞ்சாயத்தில் இருந்தால் அங்கேயும் போகட்டும். ஆனால் அங்கே இருப்பது அவனைப் போன்றவர்களும் சம்பளம் வாங்கும் எங்களைப் போன்றவர்களும்தான். ஊர் அந்த மதிலுக்கு வெளியே இருக்கிறது.

கோவிந்தாபுரம்: பொள்ளாச்சியில் எடுத்த மாற்றுத்திறனாளி அட்டை இங்கே செல்லுமா?

யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இந்தியா முழுக்கச் செல்லும். மாத உதவித்தொகை மட்டும் அந்தந்த மாநிலத்துடையது, குடியிருக்கும் இடத்தில் புதிதாக விண்ணப்பிக்கணும். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை தெரபிச் செலவையும் சேர்த்துத் தருகிறது. அதற்கு மாநில எல்லை கிடையாது.

வேலந்தாவளம், ஒரு அப்பா: வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். 7 வயது மகளுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. தமிழை விட்டுவிட்டு மலையாளம் மட்டும் பேசச் சொல்கிறார்கள்.

விடவே விடாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு கெடாது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் அப்படிக் கெட்டதாகத் தெரியவில்லை. தமிழை நிறுத்தினால் பாட்டியோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடும் அவளுக்கு இருக்கிற கொஞ்ச நஞ்சப் பேச்சும் போய்விடும். பேச்சுப் பயிற்சிக்கு முன்னால் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லணும். அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழில் வரும் சதவீதம் சோதனை மதிப்பெண்ணைப் பொறுத்தது. பழகாத மொழியில் கேட்டால் தெரிந்த பதிலும் அவள் வாயில் வராது, மதிப்பெண் கீழே இறங்கிவிடும். தமிழ் தெரிந்தவர் சோதிக்கணும் என்று எழுத்தில் கேளுங்கள். மனுவையே தமிழில் எழுதலாம், அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது.

வடகரப்பதி, விழாக் கமிட்டி இளைஞர்: மாரியம்மன் நோம்பிக்கு எங்கள் ஊர் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை மேடையேற்றி வேட்டி, சேலை கொடுத்துக் கௌரவிக்கலாம் என்று இருக்கிறோம். சரிதானே டீச்சர்?

நல்ல மனசு தம்பி, ஆனால் மேடை வேண்டாம். அரை மணி நேரம் கைதட்டல் வாங்கியவர்கள் மறுநாள் பழைய திண்ணைக்கே திரும்பிவிடுவார்கள். கம்பம் நட்ட நாளிலிருந்து ராத்திரியில் ஆடுவீர்களே, அந்த வட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடி தப்பும், தப்பட்டும். தண்ணீர்ப் பந்தலில் ஒருவரை நிறுத்துங்கள், கமிட்டி நோட்டில் பேர் எழுதுங்கள், கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். வரி கொடுக்கிற வீடுதானே அவர்களுடையதும்.

வேட்டுச் சத்தம் சில பிள்ளைகளுக்குத் தாங்காது. எப்போது வெடிப்போம் என்று அந்த வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஸ்பீக்கரைவிட்டுத் தள்ளி உட்கார ஓரிடம் வையுங்கள்.

டீக்கடைக்காரர், கொழிஞ்சாம்பாறை: ஒரு பையன் தினமும் கடைக்கு வருவான். சில இளவட்டங்கள் அவனை ஆட வைத்து போனில் படம் பிடிக்கிறார்கள். நான் என்ன செய்வது?

உங்கள் கடை, நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அன்றைக்கே சத்தம் போடுங்கள். திருந்தாவிட்டால் சட்டம் இருக்கிறது: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. இதைச் சொல்லியே அவர்களை எச்சரிக்கலாம்.

அவனிடம் பேசும்போது சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள், பதில் வர நேரமாகும். கூட வந்தவரிடம் "இவனுக்கு டீயா காப்பியா" என்று கேட்காமல் அவனிடமே கேளுங்கள்.

ஒரு அம்மா (ஊர் வேண்டாம் என்றார்): மகளுக்கு 16 வயது. வெளியே அனுப்பப் பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு வந்துபோகிற, தெரிந்த ஆட்கள்தான். பூட்டி வைத்தால் அவள் பேச்சைக் கேட்க ஆள் இல்லாமல் போகும், அதுதான் அதிக ஆபத்து. உடம்பின் பாகங்களுக்குச் சரியான பேர் சொல்லிக் கொடுங்கள். குளிக்க வைக்கிற நீங்களும் "தொடட்டுமா" என்று கேட்டே தொடுங்கள். கேட்டுத்தான் தொடணும் என்று அவள் அதில்தான் கற்றுக்கொள்வாள். "வேண்டாம்" என்று அவள் சொன்னால் வீட்டில் மதியுங்கள், சாப்பாட்டு விஷயத்திலும்கூட. வீட்டுக்கு வெளியே அவள் நம்பிப் பேசக்கூடிய பெண்கள் இரண்டு மூன்று பேர் வேணும். ஏதாவது நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அவள் வாக்குமூலம் கொடுக்கும்போது சிறப்பாசிரியர் உதவியைக் கேட்டு வாங்கலாம்.

மூணாறு, எஸ்டேட் தொழிலாளி: கொழுந்து எடுக்கப் போகும்போது 11 வயது மகனை லயத்தில் (எஸ்டேட் வரிசை வீட்டில்) வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறேன் டீச்சர். வேறு வழி இல்லை.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராதுங்க. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அவன் உரிமை. பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்குச் சமக்ர சிக்ஷா என்ற அரசுக் கல்வித் திட்டத்தின் ஆசிரியர்கள் வீட்டுக்கு வருவார்கள், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பதியுங்கள். பார்த்துக்கொள்பவருக்கு மாத உதவித்தொகை தரும் கேரள அரசின் ஆஸ்வாசகிரணம் திட்டம் பற்றி அங்கன்வாடியில் கேளுங்கள். தொகை சிறியதுதான், விடாதீர்கள்.

லயத்தில் ஒரு வசதி உண்டு, சுவருக்குச் சுவர் ஆட்கள். ரிட்டயர் ஆன பெரியவர் யாராவது காலையில் ஒரு மணி நேரம் வாசலில் அவனோடு உட்காருவாரா என்று கேட்டுப் பாருங்கள். நாள் முழுக்க என்று கேட்டால் யாரும் தயங்குவார்கள்.

எருத்தேம்பதி: ஓட்டுப் போடலாமா?

போடலாம். மனநிலை சரியில்லாதவர் என்று நீதிமன்றமே அறிவித்தால் ஒழிய பட்டியலில் பேர் இருக்கலாம். 18 ஆனதும் சேர்த்துவிடுங்கள்.

ஒழலப்பதி, ஒரு அப்பா: எங்கள் காலத்துக்கு அப்புறம் அவன் கதி என்ன என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. மகள் கோயமுத்தூரில் இருக்கிறாள்.

18 வயதுக்கு மேல் சட்டப்படியான காப்பாளர் வேணும் என்றால் 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அதைச் செய்துவிடுங்கள். ஆனால் காப்பாளர் கையெழுத்துப் போடுவார், கோயமுத்தூரிலிருந்து தினமும் வந்து சாப்பிட்டாயா என்று கேட்க அவரால் முடியாது.

அதனால் நீங்கள் தெம்பாக இருக்கும்போதே நாலைந்து பேரைக் கூட்டுங்கள். சித்தப்பா மகன், பக்கத்து வீட்டு அக்கா, சொசைட்டி ஆள், அவன் கூடப் படித்தவன் என்று யாராக இருந்தாலும் சரி, அவனுக்குப் பிடித்தவர்களாக இருக்கணும். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், அவனையும் நடுவில் உட்கார வைத்து. ஒருவர் பேங்குக்குக் கூட்டிப்போகலாம், ஒருவர் மாத்திரையைப் பார்க்கலாம், ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடப் போகலாம். நீங்கள் இல்லாமல் இரண்டு நாள் அவன் அவர்கள் பொறுப்பில் இருந்து பார்க்கட்டும், எங்கே இடறுகிறது என்று அப்போதுதான் தெரியும். மகளிடமும் வெளிப்படையாகக் கேளுங்கள், அவளால் எது முடியும் எது முடியாது என்று. முடியாது என்று அவள் சொன்னால் கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள், அதை வேறு யார் செய்வது என்று அடுத்த கூட்டத்தில் பேசலாம்.