பிரச்சார வேன் வருவதற்கு முன்

அன்புள்ள அண்ணாச்சி,

சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். என் சித்தப்பா அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில், ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் என்ற பழைய ஊரில் இருக்கிறார். 2008-ல் ஒபாமா அங்கே அதிபர் தேர்தல் பிரச்சாரத்துக்கு வந்தபோது கல்லூரிப் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு நின்றதை இன்னும் சொல்லி ஓயவில்லை. "உங்க ஊர்ல வேன் பின்னால பைக்ல விசில் அடிச்சுட்டுப் போறதோட சரி" என்று கிண்டல் வேறு. நெல்லை டவுன் வாகையடி முக்கிலும் கூட்டம் கூடத்தான் செய்கிறது. ஆனால் என் விடுதியில் பலர் ஓட்டுப் போடவே இல்லை. நெல்லைப் பிள்ளைகளுக்கு அரசியலில் அக்கறை இல்லையா? குடியரசுத் தலைவரை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் இது மாறுமா? விடுதியில் இருப்பவர்கள் இங்கேயே ஓட்டுப் போட வழி உண்டா?

பாளையங்கோட்டை வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் சித்தப்பா கதை விடவில்லை. 2008 செப்டம்பர் 27, சனிக்கிழமை. முந்தின இரவுதான் எதிர் வேட்பாளர் மெக்கெய்னோடு முதல் விவாதம் முடிந்திருந்தது. மறுநாள் துணை அதிபர் வேட்பாளர் பைடனையும் கூட்டிக்கொண்டு வந்து, மேரி வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் ஒபாமா மழையில் நனைந்தபடியே பேசினார். ஊரும் லேசுப்பட்ட ஊர் இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவயதில் வளர்ந்த பண்ணை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. அவருடைய அம்மா வாழ்ந்த வீடு ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1862 டிசம்பரில் உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படை அங்கே பலத்த அடி வாங்கியது. அடிமை முறையைக் காக்க நின்ற தெற்குப் படை வென்ற மண்ணில் ஒரு கறுப்பினத்தவர் அதிபர் வேட்பாளராக வந்து பேசினால், பிள்ளைகள் மழையையா பார்ப்பார்கள்?

ஆனால் சித்தப்பா ஒன்றை விட்டுவிட்டார். வர்ஜீனியாவில் அந்த ஆண்டு வாக்காளராகப் பதிவதற்குக் கடைசி நாள் அக்டோபர் 6. கூட்டம் முடிந்து ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. அங்கே நம் ஊர்போல வீட்டுக்கு வந்து விசாரிக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் கிடையாது. அவரவர்தான் பதிந்துகொள்ள வேண்டும். அதனால் பெயர் சேர்ப்பதே பிரச்சாரத்தில் பெரிய வேலை. கூட்டத்துக்கு வருகிறவர்களின் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் வாங்கிக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கதவு தட்டவும் போனில் பேசவும் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை நனைந்த பிள்ளைக்குத் திங்கள்கிழமை ஒரு வேலை இருந்தது.

நம் ஊரில் வரிசை தலைகீழ். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலில் பெயர் சேர்ப்பது சட்டப்படி நின்றுவிடும். விண்ணப்பத்தை விசாரித்து முடிக்கவும் நாள் வேண்டும், ஆகவே அதற்கும் சுமார் பத்து நாள் முன்பே கொடுத்திருக்க வேண்டும். தலைவர்களின் வேன் சூடு பிடிப்பதோ பெரும்பாலும் மனு தாக்கல் முடிந்து, சின்னம் ஒதுக்கிய பிறகு. ரத வீதிக்குள் வேன் நுழையும்போது பட்டியல் மூடியிருக்கும். அன்றைக்கு விசில் அடிக்கிற பையனுக்குப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்த உற்சாகத்தை வைத்து அவன் என்ன செய்வான்? நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவனும் கூட்டம்தான், மாடியில் நின்று பார்க்கிறவனும் கூட்டம்தான். நம் கட்சிகள் இளைஞர்களை மாடியில் நிறுத்தியே பழகிவிட்டன.

இப்படி நேரம் தப்புவது புதிதும் இல்லை. 1989 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. வாக்குரிமை வயதை 21-லிருந்து 18 ஆக்கிய அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு மார்ச் கடைசியில். அமெரிக்கா 1971-லேயே செய்துவிட்டது. வியட்நாமுக்குச் சாக அனுப்பும் வயது ஓட்டுப் போடப் போதாதா என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

அக்கறை இல்லையா என்று கேட்டீர்கள். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. இந்துக் கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் தீக்கு இரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அந்த மாணவர்களில் யாருக்கும் ஓட்டு என்று ஒன்று கையில் இல்லை. அவர்கள் நடந்த தெருவில்தான் நீங்கள் அல்வா வாங்கப் போகிறீர்கள். இந்த மண்ணைப் பார்த்து அக்கறை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குடியரசுத் தலைவர் விஷயம் சுருக்கமாக. நம் முறையில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் வாக்களிக்கிறார்கள், தமிழக எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176, அதுவும் 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து. ஆனால் அமெரிக்காவிலும் நேரடித் தேர்தல் இல்லை. மக்கள் மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர்கள்தான் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களில் 270 பேர் வேண்டும். வர்ஜீனியாவுக்கு 13 பேர். 1964-க்குப் பிறகு அதுவரை எந்த அதிபர் தேர்தலிலும் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி அங்கே ஜெயித்திருக்கவில்லை. 2008-ல் தங்கள் பக்கம் சாயும்போல் தெரிந்ததால்தான் ஒபாமா அந்தச் சின்ன ஊருக்கு மெனக்கெட்டு வந்தார், ஜெயிக்கவும் செய்தார். எப்படியும் நமக்குத்தான் என்றோ எப்படியும் இல்லை என்றோ தெரிந்த மாநிலத்துக்கு யாரும் நனைய வரமாட்டார்கள். இன்னொன்று: அந்த உற்சாகமான ஆண்டிலும் அமெரிக்காவில் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாக்களிக்கவில்லை. அடுத்த முறை கிண்டல் வந்தால் சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, விடுதிக்கு வருகிறேன். ஓட்டு சங்கரன்கோவிலில், ஆள் பாளையங்கோட்டையில் என்றால், தேர்தல் நாளில் புதிய பேருந்து நிலையத்தில் முண்டியடிக்கச் சோம்பல் வரத்தான் செய்யும். விடுதி மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடத்திலேயே வாக்காளராகலாம்; கல்லூரி தரும் சான்று வேண்டும். புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6. ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 8 மூலம் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும், இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எது 18 நிறைவதற்குப் பிறகு வருகிறதோ அதில் பெயர் ஏறும். அந்தச் சான்றில் கல்லூரி முதல்வர் கையெழுத்தை மட்டும் செமஸ்டர் விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள். விடுமுறையில் கல்லூரி அலுவலகத்தில் ஆளைப் பிடிப்பது கஷ்டம்.