லீவர் திரும்பி வராத ஜீப்

கேள்வி: பழைய மகிந்திரா ஜீப் ஒன்று வாங்கியிருக்கிறேன். பீஞ்சமந்தை மலைப் பக்கம் போகும்போது நான்கு சக்கரமும் போடுவேன். திரும்ப தார் ரோட்டுக்கு வந்ததும் லீவர் டூ வீலுக்கு வர மறுக்கிறது. கிரவுன் பினியனை (சக்கர அச்சின் நடுவில் இருக்கும் பெரிய, சின்னப் பல் சக்கர ஜோடி) மாற்றச் சொல்கிறார்கள். வேலூரில் கடைக்காரர் "எந்த ஹவுசிங், எத்தனை பல்?" என்று கேட்கிறார் (ஹவுசிங் என்பது அந்தப் பல் சக்கரங்கள் உட்காரும் கூடு). ஆர்.சி. புத்தகத்தில் அது இல்லையே, எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகர், ஒடுகத்தூர்

பதில்: பணத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃப்ரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல் அமைப்பு) கிடையாது. அதனால் தார் ரோட்டில் நாலு வீலில் வளைத்து ஓட்டினால் உள்ளே முறுக்கு ஏறி லீவர் இறுகிவிடும், அது எல்லா வண்டியிலும் உள்ளதுதான், நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விட்டுக்கொடுக்கும். ஆனால் நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதுமே இறுகுகிறதா? அப்படியானால் முன் ஹவுசிங்கும் பின் ஹவுசிங்கும் வேறு வேறு பல் கணக்காக (பெரிய, சின்னச் சக்கரப் பற்களின் விகிதம்) இருக்கலாம், அல்லது டயர் அளவு ஒன்றுபோல் இல்லாமல் இருக்கலாம். நான் வாங்கிய முதல் ஜீப் அப்படித்தான் இருந்தது. விற்றவர் முன்பக்கம் வேறு வண்டியின் ஹவுசிங்கைப் போட்டிருந்தார், டிரான்ஸ்பர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பல் உடைந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. உங்களுக்கு அந்தச் செலவு வரக்கூடாது.

மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் எடுத்து ஹவுசிங்கைச் சுத்தம் செய்யுங்கள். ஸ்பைசர் வகையாக (டானா கம்பெனியின் தயாரிப்பு) இருந்தால் வார்ப்பிலேயே 44 என்பது போல எண் மேடாகத் தெரியும். மூடியின் போல்ட்டை எண்ணி முடிவு செய்யாதீர்கள், டானா 30, டானா 44 இரண்டுக்கும் பத்துப் போல்ட்தான். போல்ட்டுக்கு அடியில் சின்னத் தகடு இருந்தால் அதில் 43, 8 என்று பல் எண்ணிக்கை இருக்கும், ஆனால் தகடு பழையதாகவே இருக்க, உள்ளே பல்லை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

ஆகவே சுற்றி எண்ணுவதுதான் நம்பிக்கையான வழி. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கீழே முட்டுக் கொடுத்து, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கியர் நியூட்ரல், லீவர் டூ வீல். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது, அதைத் தளர்த்தினால்தான் சுற்ற முடியும். பிடித்தே வைத்திருந்தாலும், ஒரு பின் சக்கரம் மேலே இருக்கும்போது அது வண்டியை நிறுத்தாது, வண்டி உருண்டுவிடும், அதனால்தான் கல்லை இவ்வளவு வற்புறுத்துகிறேன். டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, டயரை 20 சுற்று சுற்றுங்கள், ஒருவர் ஷாஃப்ட்டின் சுற்றை எண்ணட்டும். மறுபக்கச் சக்கரம் நிற்பதால் டயர் இரண்டு சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று, எனவே வந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். சுமார் 53¾ வந்தால் 5.38, அதாவது 43க்கு 8. 48¾ வந்தால் 4.88, 39க்கு 8. பிறகு முன் சக்கரம் ஒன்றைத் தூக்கி இதையே செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக வரவில்லை என்றால் இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவரும் வரை நாலு வீல் போடாதீர்கள்.

டிரான்ஸ்பர் கேஸையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள். பின் ஷாஃப்ட் வலது பக்கமாக ஒதுங்கி, லீவர் இரண்டு இருந்தால், டானா 18. டானா 20இல் பின் ஷாஃப்ட் நடுவில் வரும்.

கேள்வி: ஜிப்ஸியில் டிரான்ஸ்பர் கேஸ் எங்கே இருக்கிறது? கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்குமா?
- வாசகர், காட்பாடி

பதில்: ஒட்டாது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் தனியாகத் தொங்கும், நடுவில் சின்ன ஷாஃப்ட் ஒன்று இரண்டையும் இணைக்கிறது. அந்தச் சின்ன ஷாஃப்ட்டின் கிராஸில் (முனையில் மடங்கும் இணைப்பு) கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள், நிறைய பேர் பெரிய ஷாஃப்ட் இரண்டுக்கும் போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.