மாந்துளிரில் வெள்ளை நுரை: வாங்கிய மருந்தை அடிக்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு. மழைக்குப் பிறகு விட்ட துளிர்களில், யாரோ காறித் துப்பியதுபோல் வெள்ளை நுரை நிற்கிறது. மருந்துக்கடையில் போட்டோ காட்டினேன். இத்தாலியில் ஆலிவ் மரங்கள் காய்ந்துகிடக்கும் வீடியோவைக் காட்டி, "இதே பூச்சிதான், விட்டா தோப்பே போயிடும்" என்று இரண்டு பாட்டில் மருந்தும் ஒரு டானிக்கும் கொடுத்தார்கள். 2,340 ரூபாய். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். இன்னும் சீல் உடைக்கவில்லை. அடிக்கலாமா?

பதில்: அடிக்க வேண்டாம். சீலையும் உடைக்காதீர்கள்.

காலையில் ஒரு நுரையை விரலால் வழித்துப் பாருங்கள். உள்ளே அரிசி மணியைவிடச் சின்னதாக, மெத்தென்ற வெளிர்நிறக் குஞ்சு ஒன்று தலைகீழாகத் தண்டில் ஒட்டியிருக்கும். அதுதான் நுரைப்பூச்சி. வேரிலிருந்து ஏறும் சாற்றைத்தான் அது உறிஞ்சும். அதில் தண்ணீர்தான் அதிகம், சத்து கொஞ்சம். அதனால் நிறையக் குடித்து நிறைய வெளியேற்றுகிறது. அந்த நீரில் காற்றைக் கலந்து, வெயிலும் எறும்பும் சிலந்தியும் அண்டாமல் நுரைக்குள் ஒளிந்துகொள்கிறது. மேலே படும் மருந்தும் அந்த நுரையிலேயே பாதி நின்றுபோகும். இறகு முளைத்தபின் நுரை கிடையாது, தத்தித் தாவிப் போய்விடும்.

வளர்ந்த மரத்துக்கு இதனால் பெரிய நட்டமில்லை. மோட்டார் ஹோஸை வேகமாகப் பீய்ச்சினால் நுரையும் குஞ்சும் கீழே விழும். மரத்தடிக் களையை வெட்டுங்கள், பல நுரைப்பூச்சிகள் அங்கேதான் வளரும். புதிதாக நட்ட ஒட்டுக்கன்றில் துளிருக்குத் துளிர் நுரை இருந்து வாட்டமும் தெரிந்தால் மட்டும், ஒரு கிளையை ஒடித்து எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

அந்த வீடியோ பொய்யல்ல. ஆனால் 2013-இல் இத்தாலியில் கண்டறிந்தது ஒரு பாக்டீரியா நோயை. மரங்களைக் கொன்றது அந்த நோய்தான், அதைச் சுமந்து பரப்பியது அங்குள்ள நுரைப்பூச்சி. உறிஞ்சியதாலேயே மரம் செத்ததுபோல் காட்டி மருந்து விற்றது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது.

பாட்டிலோடு வரும் துண்டுப் பிரசுரத்தில் எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு என்று இருக்கும். 'மா – தத்துப்பூச்சி' என்று இருந்தால், அது பூக்கும் காலத்தில் பூங்கொத்தில் உட்கார்ந்து தேன்போல் ஒழுகவிடும் வேறு பூச்சிக்கானது. நுரைப்பூச்சியின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். டானிக் இதற்கு எந்த வகையிலும் தேவையில்லை.

பூச்சிக்கொல்லி விதிகள், 1971-இன்படி பில் போடாமல் விற்கக் கூடாது. இன்றே போய், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), காலாவதித் தேதியோடு பில் கேளுங்கள், அல்லது பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் வட்டார வேளாண் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசுங்கள். கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் துண்டுச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள், இப்போதைக்கு நீங்கள் வாங்கியதற்குச் சாட்சி அவைதான்.